‘ஹவ் ஆர் யூ?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆதம்பாக்கத்தில் வசிக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: “தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். வயது 33. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பல் மருத்துவ கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. வருகிறவர்களின் பெயரைப் பதிய வேண்டும், போன் வந்தால் எடுக்க வேண்டும். பலர் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். குட் மார்னிங் சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் அவர்கள் ஏதாவது கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அன்றாடம் சொல்லும் வணக்கங்களையும் விசாரிப்புகளையும் ஆரம்பத்திலிருந்து எப்படிக் கற்றுக்கொள்வது?”

எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறீர்கள் என்று நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள். முதல் வார்த்தையில் உங்களுக்குச் சிக்கல் இல்லை, இரண்டாவது வார்த்தையில்தான். மேற்கு மாம்பலத்தில் பதினெட்டு ஆண்டுகளாக மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். கடை விற்பனையாளர்கள், காவலாளிகள், குழந்தையின் பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் பேச வேண்டிய தாய்மார்கள் என்று பலர் வந்து படித்துப் போயிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருமே வணக்கச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தார்கள். எதிரில் இருப்பவர் திருப்பி ஒன்று சொன்னதும் உறைந்துபோனார்கள். மின்சார ரயிலில் விற்கிற சிறு புத்தகங்களைப் பாருங்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் அர்த்தம். யார் யாரிடம் சொல்வது, அதற்கு அவர் என்ன சொல்வார், அதன்பின் நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்காது. இப்படி வணங்கி நலம் விசாரிப்பதற்குத் தமிழில் முகமன் என்று ஓர் அழகான பழைய சொல் இருக்கிறது. முகமன் இரண்டு பேர் சேர்ந்து தட்டுகிற கும்மி மாதிரி. ஒரு கையின் தட்டை மட்டும் பழகினால் ஆட்டம் வராது. அதனால் எதைக் கற்றாலும் பதிலோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் ‘ஹவ் ஆர் யூ?’ என்பதை எடுத்துக்கொள்வோம். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று நம் ஊரில் ஒருவர் கேட்டால், நாம் உண்மையைச் சொல்கிறோம். முழங்கால் வலி, மகனின் வேலை, தண்ணீர் லாரி வராதது எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். கேட்டவரும் நின்று கேட்பார். ஆங்கிலத்தில் அதிகம் பழகாதவர் கேட்கும் ‘ஹவ் ஆர் யூ?’ அப்படிப்பட்ட விசாரிப்பு அல்ல. அது வணக்கத்தின் இரண்டாம் பாதி. அதற்கு ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. ஹவ் ஆர் யூ?’ என்று சொன்னால் போதும். நம் மனம் அன்று சரியில்லை என்றாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நெருங்கிய நண்பர் உட்கார்ந்து கேட்டால் மட்டும் கதை வேறு.

கேட்பவரும் பதில் சொல்பவரும் அதே மூன்று சொற்களைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே மாதிரி சொல்வதில்லை. முதலில் கேட்பவர் நடுச்சொல்லை அழுத்துவார்: ஹவ் ஆர் யூ? திருப்பிக் கேட்பவர் கடைசிச் சொல்லை அழுத்துவார்: ஹவ் ஆர் யூ? தமிழில் நாம் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று தொடங்குகிறோம், “நான் நன்றாக இருக்கிறேன், நீங்கள்?” என்று திருப்புகிறோம். முதல் கேள்வியில் ‘நீங்கள்’ என்ற சொல்லே இல்லை, இரண்டாவதில் அது மட்டுமே இருக்கிறது. தமிழ் வினைமுற்றில் ஆள் யாரென்று தெரிந்துவிடுவதால் நமக்கு அந்த வசதி. ஆங்கிலத்தில் ‘யூ’வை விட முடியாது. அதனால் நாம் சொல்லைச் சேர்த்துச் செய்வதை அவர்கள் குரலை அழுத்திச் செய்கிறார்கள். இன்றிரவு வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்து இதைப் பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இந்த ஓர் இடம் சரியாக விழுந்துவிட்டால் உங்கள் ஆங்கிலம் படித்து ஒப்பிக்கிறது போலக் கேட்காது, பேசுகிறது போலக் கேட்கும்.

சிறு புத்தகங்களில் ‘ஹவ் டு யூ டூ?’ என்றும் ஒன்று இருக்கும். அது முதல் அறிமுகத்தின்போது மட்டும் சொல்லப்பட்ட பழைய சம்பிரதாய வாசகம். பதிலும் அதே வாசகம்தான். யாராவது சொன்னால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும். அதற்குப் பதிலாக ‘நைஸ் டு மீட் யூ’ கற்றுக்கொள்ளுங்கள். முதல் முறை சந்திக்கும்போது அது. அடுத்த முறை அவரே வந்தால் ‘மீட்’ போய் ‘சீ’ வந்துவிடும்: ‘நைஸ் டு சீ யூ’. தெரிந்த மனிதரிடம் ‘மீட்’ என்றால், போன முறை பார்த்ததை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று அவர் நினைக்கக்கூடும்.

பொழுதைச் சொல்லி வணங்குவதில் ஒரே ஒரு குழிதான் உண்டு. என் வகுப்பில் ஒரு காவலாளி இருந்தார். பெசன்ட் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுப் பணி. ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் குடியிருப்பாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, நெஞ்சு நிமிர்த்தி ‘குட் நைட் சார்’ என்று சொல்லி வரவேற்பது அவர் வழக்கம். ‘குட் நைட்’ பிரியும்போது மட்டும் சொல்வது என்று வகுப்பில் விளக்கிய அன்று, பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “இரண்டு வருடமாகச் சொல்கிறேன் ஐயா, ஒருவர்கூடச் சொல்லவில்லையே” என்றார். அவர் குரலில் இருந்த வருத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தனை பேர் புன்னகைத்துக் கடந்துபோயிருக்கிறார்கள். ஒருவராவது பக்கத்தில் வந்து மெல்லச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் கிளினிக் இரவு எட்டரை வரை திறந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு ஒருவர் உள்ளே வருகிறார். வெளியே நல்ல இருட்டு. அப்போதும் ‘குட் ஈவ்னிங்’தான். அவரே சிகிச்சை முடிந்து கிளம்பும்போது ‘குட் நைட்’. மற்றபடி நண்பகல் பன்னிரண்டு வரை ‘மார்னிங்’, அதன்பின் ‘ஆஃப்டர்நூன்’, ஐந்து மணி வாக்கில் ‘ஈவ்னிங்’. பன்னிரண்டு ஐந்துக்கு ‘மார்னிங்’ என்று சொல்லிவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மூன்று சொற்களிலேயே நம் நாக்குக்குப் பழக்கமில்லாத ஒலிகள் இருக்கின்றன. தமிழில் இகரம், எகரம் முதலாகிய சொற்களைப் பேச்சில் யகர ஒலி சேர்த்துத் தொடங்குவது நம் இயல்பு; ‘எல்லாம்’ என்பது வாயில் ‘யெல்லாம்’ ஆகிறது. அதே பழக்கத்தில் ‘ஈவ்னிங்’ என்பது ‘யீவினிங்’ ஆகிவிடுகிறது. முன்னால் யகரம் வேண்டாம், நடுவில் ‘வி’யும் வேண்டாம். ஈவ், னிங். இரண்டே அசை. ‘ஆஃப்டர்நூன்’ சொல்லும்போது நாம் ஃப ஒலியைப் பகரமாக்கிவிடுகிறோம். ‘காபி’யும் ‘ஆபீஸ்’உம் தமிழுக்கு அப்படித்தான் வந்து நம் சொற்களாயின, தமிழ் பேசும்போது அவை அப்படியே இருக்கட்டும். ஆங்கிலம் பேசும்போது மேல்பல்லைக் கீழுதட்டின்மேல் மெல்ல வைத்துக் காற்றை ஊதுங்கள், ஒலி தானாக வரும். பல் மருத்துவரிடம் வேலை செய்கிறீர்கள், அங்கே கண்ணாடிக்குப் பஞ்சமிருக்காது. அழுத்தமும் முக்கியம். ‘மார்னிங்’, ‘ஈவ்னிங்’ இரண்டிலும் முதல் அசை கனமாக விழும். ‘ஆஃப்டர்நூன்’ மட்டும் கடைசி அசையில் கனக்கும். நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய சம எடையில் சொல்லிப் பழகியவர்கள் என்பதால் இது காதில் விழவே சில நாட்கள் ஆகும். சென்னை மெட்ரோவில் போகும்போது அறிவிப்பைக் கவனித்துக் கேளுங்கள். ஒரே செய்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. பொருள் முன்பே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் எந்த அசையில் ஏறி எந்த அசையில் இறங்குகிறது என்பதை மட்டும் கேட்கலாம். காசில்லாத பயிற்சி அது.

இனிச் சொல்லப்போவதுதான் உங்கள் மேசைக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். தமிழில் மரியாதை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ‘வா’ என்பதற்கும் ‘வாருங்கள்’ என்பதற்கும் இடையிலுள்ள அந்த ‘உங்கள்’ விகுதியில் இருக்கிறது. உட்காருங்கள், சொல்லுங்கள், இருங்கள் என்ற ஒற்றைச் சொல்லிலேயே பணிவு முழுதாக வந்துவிடுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே ‘யூ’தான், வினைச்சொல்லிலும் மரியாதை விகுதி கிடையாது. நாம் மனத்துக்குள் “உட்காருங்கள்” என்று பணிவாகத்தான் நினைக்கிறோம், ஆனால் வாயிலிருந்து ‘சிட்’ என்று வந்தால் எதிரிலிருப்பவர் காதில் “உட்கார்” என்றே விழுகிறது. நம் மரியாதை வழியிலேயே கழன்று விழுந்துவிடுகிறது. சென்னையில் நல்ல மனம் படைத்த எத்தனையோ பேர் ஆங்கிலத்தில் மட்டும் முரட்டுத்தனமாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம் என்பது என் முடிவு.

ஆகவே விகுதியில் வைத்ததை எடுத்துத் தனிச் சொற்களில் வையுங்கள். “உட்காருங்கள்” என்பதற்கு ‘ப்ளீஸ் ஹாவ் எ சீட்’. “சொல்லுங்கள்” என்பதை அப்படியே ‘டெல் மீ’ ஆக்க வேண்டாம். ‘ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?’ என்று கேளுங்கள். “ஐந்து நிமிடம் இருங்கள்” என்பதற்கு ‘வெயிட்’ என்ற ஒற்றைச் சொல் கட்டளை. ‘குட் யூ ப்ளீஸ் வெயிட் ஃபைவ் மினிட்ஸ்?’ என்பது வேண்டுகோள் (இந்த ‘குட்’ could, ‘குட் மார்னிங்’கில் வரும் good அல்ல). ‘ப்ளீஸ்’, ‘குட் யூ’, ‘மே ஐ’ இந்த மூன்றையும் நம் ‘உங்கள்’ விகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் எடுத்ததற்கெல்லாம் நன்றி சொல்வது நம் வழக்கமில்லை, சொன்னால் அந்நியமாகக்கூடத் தோன்றும். ஆங்கிலத்தில் படிவத்தை நிரப்பித் தந்தாலும் ‘தேங்க் யூ’, சில்லறை கொடுத்தாலும் ‘தேங்க் யூ’. அவர் உங்களுக்குச் சொன்னால் ‘யூ ஆர் வெல்கம்’. வெறும் ‘வெல்கம்’ வாசலில் வரவேற்கும்போது சொல்வது.

தொலைபேசியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிவிடும், முகம் தெரியாதே. முதலில் ‘ஹலோ’. இந்தச் சொல் இவ்வளவு பரவியதே தொலைபேசியால்தான். அழைப்பை எடுத்தவுடன் கடலோடிகளைப் போல ‘அஹோய்’ என்று சொல்ல வேண்டும் என்பது கிரகாம் பெல்லின் விருப்பம். 1877-ல் ‘ஹலோ’வைப் பரிந்துரைத்தவர் எடிசன். அவர் சொல்லே நிலைத்தது. 1882-ல் சென்னையில் முதல் தொலைபேசி இணைப்பகம் வந்தது. பின்னர் அந்தச் சொல் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்து, ஹகரத்தை உதிர்த்துவிட்டு ‘அலோ’ ஆகிவிட்டது. மேசையில் இருக்கும்போது அந்த ஹகரத்தைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். ‘ஹலோ, குட் மார்னிங்’ என்று சொல்லிக் கிளினிக்கின் பெயரைச் சொல்லுங்கள், பிறகு ‘ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?’. உங்கள் பெயரைக் கேட்டால் ‘ஐ ஆம்’ என்பதைவிட ‘திஸ் இஸ்’ என்று தொடங்கிப் பெயர் சொல்வதே போனில் வழக்கம். ‘மைசெல்ஃப்’ என்று தொடங்குவது நம் நாட்டில் பரவிய பழக்கம்; விட்டுவிடலாம். “யார் பேசுகிறீர்கள்?” என்று தமிழில் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. அதையே ‘ஹூ ஆர் யூ?’ என்று கேட்டால், வேற்றாளைப் பிடித்து அதட்டுவது போல ஆகிவிடும். ‘மே ஐ நோ யுவர் நேம், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள். ‘குட் நேம்’ வேண்டாம். அது வடக்கே ‘சுப நாம்’ என்று கேட்பதன் நேர் பெயர்ப்பு, வெளிநாட்டவருக்கு விளங்காது.

பெயர் தெரிந்தபின் அழைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘மிஸ்டர்’ என்பது ஆங்கில வழக்கில் குடும்பப் பெயரோடு சேரும். ஜான் ஸ்மித் என்பவர் ‘மிஸ்டர் ஸ்மித்’, ‘மிஸ்டர் ஜான்’ அல்ல. நம்மவர் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே இல்லை, முன்னெழுத்து அப்பாவுடையது. கே. முருகன் என்பவரை ‘மிஸ்டர் முருகன்’ என்று அவர் பெயராலேயே அழைப்பதுதான் முறை. சில படிவங்களில் முன்னெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் கடைசியில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து அழைத்தால், அப்பாவைக் கூப்பிட்டுவிடுவீர்கள், கவனம். பெண்களுக்குத் திருமணம் ஆனதா என்று தெரியாதபோது ‘மிஸ்’ என்பதன் கடைசி ஒலியைத் தேனீ ரீங்காரம்போல அதிரச் சொல்லுங்கள், அது இரு சாராருக்கும் பொருந்தும். சந்தேகமாக இருந்தால் ‘சார்’, ‘மேடம்’ போதும். சென்னையில் அது யாருக்கும் குறையாகத் தோன்றாது.

தமிழ் விசாரிப்புகளை அப்படியே ஆங்கிலமாக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். “சாப்பிட்டீர்களா?” என்பது நம் ஊரில் அன்பு. பழக்கமில்லாத வெளிநாட்டவரிடம் அதைக் கேட்டால், சாப்பிட அழைக்கிறீர்கள் என்று நினைப்பார். “எங்கே போகிறீர்கள்?” என்பதை வேவு பார்ப்பதாக எடுத்துக்கொள்வார். நாமேகூடப் புறப்படுகிறவரை ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது என்று “தூரமா?” என்று சுற்றி வளைத்துக் கேட்கிறவர்கள்தானே, இது எளிதில் விளங்கும்.

வாழ்த்துகளில் சொல்ல அதிகமில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் முன்னால் ‘ஹாப்பி’ போட்டால் முடிந்தது, பதிலுக்கு ‘சேம் டு யூ’. பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் ‘சேம் டு யூ’ சொல்லக் கூடாது, பிறந்தநாள் உங்களுடையது மட்டும்தான்; ‘தேங்க் யூ’ சொல்லுங்கள். துக்கச் செய்தி கேட்டால் ‘ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்’. இங்கே ‘சாரி’ மன்னிப்பு அல்ல, வருத்தம்.

பயிற்சிக்கு நேரமில்லை என்று சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். தனி நேரம் வேண்டியதில்லை. வீட்டில் பள்ளி போகும் பிள்ளை இருந்தால், காலையில் தலை வாரும் ஐந்து நிமிடத்தில் ஒருவர் நோயாளி, ஒருவர் வரவேற்பாளர். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பேச்சு மட்டும்: உள்ளே வருதல், வணக்கம், பெயர், உட்காரச் சொல்லுதல். முதல் வாரம் இதற்குமேல் போக வேண்டாம். மனத்தில் தமிழ் வாக்கியத்தை அமைத்துப் பிறகு பெயர்க்கிற நேரம்தான் உங்கள் நாக்கை ஒட்டவைக்கிறது. அதே பேச்சு நூறு முறை வாயில் புரண்டுவிட்டால் அந்த இடைவெளி போய்விடும். புரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம். ‘சாரி, குட் யூ ப்ளீஸ் சே தட் அகெய்ன்?’ என்று கேளுங்கள். உங்களுக்கு நான் ஒரே ஒரு வாக்கியம்தான் தரலாம் என்றால் இதைத்தான் தருவேன். தமிழ் தெரிந்தவர் போலத் தோன்றினால் ‘கேன் வி ஸ்பீக் இன் டமில்?’ என்று கேட்பதிலும் தாழ்வு எதுவும் இல்லை. பலர் மகிழ்ச்சியோடு மாறிவிடுவார்கள்.

கடைசியாக விடைபெறுதல். நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘வருகிறேன்’ என்கிறோம். அதை ‘ஐ வில் கம்’ என்று பெயர்த்துவிட்டுப் போனால், கேட்டவர் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார். ‘பை’ போதும்; ‘குட்பை’ என்பதே ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்ற பழைய ஆங்கில வாழ்த்து தேய்ந்து உருவான சொல். அவர் ‘ஹாவ் எ நைஸ் டே’ என்றால் ‘யூ டூ’ என்று திருப்பிச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பது மருத்துவரின் வாசலில். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நுழையும்போது ‘ஹவ் ஆர் யூ?’ கேட்டு அவரை ‘ஃபைன்’ சொல்லவைக்க வேண்டாம். வணக்கம் சொல்லி நேராக ‘ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?’ என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிறவரிடம் நாம் “போய்விட்டு வாருங்கள்” என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அதே மனத்தோடு ‘கம் அகெய்ன்’ என்பதையும் தவிர்த்துவிடுங்கள். ‘டேக் கேர்’ என்று சொல்லி அனுப்புங்கள். வேர் சிகிச்சைக்கு வியாழக்கிழமை மறுபடியும் வர வேண்டியவர் என்றால் மட்டும் ‘சீ யூ ஆன் தர்ஸ்டே’.